அபிமான புத்திரன்

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் சொல்லாமல் விட்டால் அடுத்தவர்கள் அவர்கள் இஷ்டத்துக்குச் சொல்லிவிடுவார்கள் என்பதை இந்த வயதில்தான் கற்றுக்கொண்டேன்.

வலங்கைமான் போகிற சாலையில் இருக்கும் அரிசி ஆலை நான் கட்டியது. அந்த இடம் சுத்தக் களிமண். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் முழங்கால் வரை விழுங்கும். அங்கே சுவர் நிற்காது என்று ஊரே சொன்னது. சவுக்குக் கட்டையை வரிசை வரிசையாக அடித்து இறக்கி, அதன் மேல் சுவர் எழுப்பினேன். ஒரு விரிசல் கிடையாது, சந்தேகம் இருந்தால் வந்து தடவிப் பார்க்கலாம். ஆலைக்குப் பின்னால் நெல் அவிக்கும் தொட்டிகள், சிமெண்ட் களம், உமி கொட்டுகிற கொட்டகை எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். எதிரே கல்யாண மண்டபம். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அடுத்த தெரு மண்டபத்தை வாடகைக்குத் தர மறுத்த வருஷம் அஸ்திவாரம் போட்டேன். இப்போது அந்தத் தெருக்காரர்களும் என்னிடம்தான் தேதி கேட்டு வருகிறார்கள், நானும் கொடுக்கிறேன். சேற்றில் இறங்கி நெல் அறுக்கிற பெல்ட் வண்டியை இந்தப் பக்கத்தில் முதலில் சொந்தமாக வாங்கியவன் நான். அடுத்ததையும் நானேதான் வாங்கினேன். புயலில் ஆலைக் கூரை பறந்தபோது அது வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தது. அதை எடுத்து நிமிர்த்தி மறுபடி போட்டவனும் நான்தான். மகள் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். நான் படித்தது நான்காம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டின் பின்னால் போய்விட்டேன்.

இத்தனையும் எப்படி வந்தது என்று இன்றைக்கு ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். ரத்தம் என்கிறார்கள். என் அப்பாவின் ரத்தத்தைச் சொல்லவில்லை.

என் அப்பா பெரிய வீட்டுப் பண்ணையில் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள். அம்மா நடவுக்குப் போவாள். விடிந்ததும் பெரிய வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிப் போட்டுவிட்டுத்தான் வயலுக்கு இறங்குவாள். நான் அடுத்தவர் ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்திலேயே அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். என் ஆலையை அவர் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள். கிரைண்டர் சத்தம் மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். மண்டபத்தைப் பார்த்தாள், புது வீட்டில் தனி அறையில் இருந்தாள்.

அந்த அம்மா இப்போது என் வீட்டில் இல்லை. பூதலூரில் என் தங்கை வீட்டில் இருக்கிறாள். எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். என்னோடு பேசுவதில்லை. அவள் கண்ணை மூடுவதற்குள் அவளை என் வீட்டுக்குத் திரும்ப அழைத்து வர வேண்டும். எனக்கு மிச்சம் இருக்கிற ஆசை அது ஒன்றுதான். அது நடக்கும் என்ற நம்பிக்கை நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வருகிறது.

எல்லாம் ஒரு உயிலால் வந்தது. உயிலில் இருந்த நிலத்தால்கூட இல்லை, நிலத்துக்கு முன்னால் எழுதியிருந்த ஒரு சொல்லால் வந்தது.

பெரிய வீட்டுக்காரர் தொண்ணூறை எட்டிப் பிடித்துவிட்டுப் போனார். என் அப்பா அவருடைய தகப்பனாரை 'ஆண்டே' என்று கூப்பிட்டார். நான் இவரை 'சார்' என்று கூப்பிட்டேன். அந்தச் சொல் மாறுவதற்கு எங்கள் தெருவுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவருக்கு ஒரே மகள், அமெரிக்காவில் இருக்கிறார். மனைவி போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் அவரும் சமையல்காரரும் மட்டும்தான். கடைசிச் சில வருஷங்களில் மத்தியான வேளையில் குடையைப் பிடித்துக்கொண்டு என் ஆலைக்கு வருவார். ஆபீஸ் அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுவேன். இயந்திரம் ஒரு பக்கம் ஓடும், நான் ஒரு பக்கம் பேசுவேன். களிமண்ணில் சுவர் எழுப்பிய கதை, மூட்டை தூக்கிய கதை, ஓட்டை இயந்திரத்தை நீடாமங்கலத்தில் வாங்கி வண்டியில் ஏற்றி வந்த கதை. நான் நிறுத்தினால் அவர் "அப்புறம்?" என்பார். மறுபடி தொடங்குவேன். என் கதையை முழுசாகக் கேட்ட மனிதர் அவர் ஒருவர்தான். என் மகன் கேட்டதில்லை. மனைவி, "இதத்தான் நேத்தும் சொன்னீங்க," என்று எழுந்து போய்விடுவாள்.

அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் நடந்தது. சாப்பாட்டுக்கு அரிசி என் ஆலையிலிருந்து போயிற்று, அதனால் நானும் போயிருந்தேன். பந்தி முடிந்ததும் அவருடைய தம்பி மகன் முற்றத்தில் நின்று உயிலைப் படித்தார். இவர் தஞ்சாவூரில் இருக்கிறார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு மகளுக்கு, தோப்பு இவருக்கு என்று வரிசையாக வந்தது. நான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் பெயர் கேட்டது. வாய்க்காலுக்குத் தெற்கே மூன்று மா நஞ்சை, அதாவது ஒரு ஏக்கர், 'எனது அபிமான புத்திரனாகிய' இன்னாருக்கு என்று படித்தார். அந்த இன்னார் நான்.

முற்றத்தில் சத்தம் அடங்கிவிட்டது. என்னைப் பார்த்துத்தான் மலைத்துப்போய் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் தெருவில் பிறந்தவனை அந்த வீட்டு முற்றத்தில் வைத்துப் பிள்ளை என்று படிக்கிறார்கள். வேறு யாருக்கு இது கிடைத்திருக்கிறது?

நேரே டீக்கடைக்குப் போனேன். இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னேன். "சார் என்னை என்னன்னு எழுதியிருக்கார் தெரியுமா? அபிமான புத்திரன்னு," என்றேன். இரண்டு மூன்று முறை சொன்னேன். வயதானவர் ஒருவர் டீ குடிக்காமல் தம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனார். சர்க்கரை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆலையில் மூட்டைக்காரர்களிடம் சொன்னேன். சிங்கப்பூருக்குப் போன் போட்டு மகனிடம் சொன்னேன்.

பிறகு வீட்டுக்குப் போனேன். அம்மா பின்கட்டில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பெரிய வீட்டு ஐயா எனக்கு மூணு மா எழுதி வச்சிருக்கார்."

"எதுக்கு?"

"எதுக்கா? என்மேல அவ்வளவு பிரியம். அபிமான புத்திரன்னு எழுதியிருக்கார்."

கை நின்றது. "எங்க வச்சுப் படிச்சாங்க?"

"முத்தத்துல. ஊரே இருந்துச்சு."

"நீ என்ன சொன்னே?"

"கும்பிட்டேன்."

மொச்சைத் தோலை முந்தானையிலிருந்து தட்டிவிட்டாள். உரித்ததை அப்படியே தள்ளி வைத்தாள். "தங்கச்சிக்குப் போன் போடு. வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு," என்றாள்.

"ஏம்மா, என்ன திடீர்னு?"

எழுந்து போய்த் துணிகளைப் பையில் அடுக்கினாள். தங்கை வந்தாள். அம்மா பையோடு காரில் ஏறினாள். கார் என்னுடையது, ஓட்டியவன் என் டிரைவர். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்க்கிற ஆசை, வயசானால் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். அவளுக்கும் அந்தச் சொல் தெரியாது.

அதன் அர்த்தத்தைச் சொன்னவர் எங்கள் ஊர் பழைய கணக்கப்பிள்ளை. கிராம கணக்கு வேலையெல்லாம் எடுத்துவிட்ட பிறகு அவர் சும்மா இருப்பவர். மாட்டுக்குத் தவிடு வாங்க ஆலைக்கு வந்தார். ஆள் இல்லாத நேரம் பார்த்து என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ஏம்ப்பா, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சுதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறியா?"

"பிரியமான புள்ளைன்னு அர்த்தம்."

"பத்திரத்துல அப்படி இல்லப்பா. கட்டின பொண்டாட்டிக்குப் பொறந்தா புத்திரன். வச்சிருந்தவளுக்குப் பொறந்தா அபிமான புத்திரன். சொத்து எழுதுறப்போ கௌரவமா இருக்கட்டும்னு அந்தக் காலத்துல அப்படிப் போடுவோம். நானே எழுதியிருக்கேன்."

எனக்கு இயந்திரம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"உன் பேருக்கு முன்னாடி உங்க அப்பன் பேரு இருந்துச்சா, அந்த உயில்ல?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இல்லை. எல்லாப் பத்திரத்திலும் 'இன்னார் மகன்' என்று வருமே, அந்த இடத்தில் இந்தச் சொல் உட்கார்ந்திருந்தது. அப்பா பெயரை எடுத்துவிட்டு அங்கே அதை வைத்திருக்கிறார்கள். நான் அதற்குக் கும்பிடு போட்டிருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஊரில் தெரியாதவனுக்கும் நானே வீடு தேடிப்போய்த் தெரியப்படுத்தியிருக்கிறேன். கடைசியில் அம்மா முகத்துக்கு நேரே போய்ச் சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே.

அதற்குப் பிறகு ஊர்ப் பேச்சைக் கேட்க வேண்டுமே. திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். திட்டு எனக்குப் பழக்கம். அவர்கள் பாராட்டினார்கள்.

"அதான பாத்தேன். நாலாங்கிளாஸ் படிச்சவனுக்கு இவ்வளவு மூளை எங்கேருந்து வந்துச்சுன்னு," என்றான் டீக்கடைக்காரன். நல்ல மனசோடுதான் சொன்னான்.

"இனிமே சின்னப் பண்ணைன்னு கூப்பிடணுமாப்பா?" என்றான் இன்னொருவன். "இனிஷியலை மாத்தணும்னா கெசட்டுல போடணும், தெரியும்ல?"

"மூக்கைப் பாரு, அப்படியே அவரு மூக்கு."

என் சுவரில் எவனுடைய மூக்கு இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் மூக்கைப் பார்த்தேன். அறுபத்தேழு வருஷம் சும்மா கிடந்த மூக்கு. அன்றைக்குப் பார்த்தேன், மறுநாளும் பார்த்தேன். அப்பாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அவர் முகமே எனக்கு மறந்துகொண்டு வருகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எல்லாவற்றிலும் மோசம் தம்பி மகன்தான். தோப்பைப் பார்க்க வந்து பெரிய வீட்டில் தங்கியிருந்தவர் பெரிய தெருவில் எதிரே வந்தார். முன்பெல்லாம் "என்ன மில்லுக்காரரே" என்பார். அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கண்ணே, உள்ள வாங்க," என்றார். அவருடைய மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, வெள்ளி தம்ளரில் காபி கொண்டு வந்தார். அந்த வீட்டுக் கொல்லைப்புறத்தில் என் அம்மா கொட்டாங்குச்சியில் நீராகாரம் வாங்கிக் குடித்தவள். அந்தக் காபியைக் குடிக்க முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. நான் உழைத்து வாங்கியிருக்க வேண்டிய நாற்காலியை எவனோ பிச்சையாகப் போட்ட மாதிரி இருந்தது.

பூதலூருக்கு ரயிலில் போனேன். காரில் போனால் எங்கே போகிறான் என்று பார்ப்பார்கள். அம்மா வாசலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தங்கை உள்ளே இருந்தாள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்தேன். என்னென்னவோ பேச நினைத்துப் போனேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"அம்மா, நீ ஒரு வார்த்தை சொல்லிடு. அப்படி எதுவும் இல்லைன்னு சொல்லிடு. நான் ஊருக்குச் சொல்லிக்கிறேன்."

அம்மா மெதுவாகச் சொன்னாள். "ஊரு கேக்கும். கேக்கட்டும். நீயும் கேக்குறியா?"

"நான் கேக்கலம்மா. நீ சொன்னா வாய மூடிடலாம்னு..."

"நான் பதில் சொன்னேன்னா நீ கேட்டது நாயம்னு ஆயிடும்டா." அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். என்னோடு அவள் நேரே பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

நான் கேட்டது தப்பு என்று தங்கை சொல்கிறாள். மனைவி சொல்கிறாள். போனில் மகள் அழுதுகொண்டே சொல்கிறாள். இருக்கட்டும். கேட்காமல் இருப்பதற்கு எனக்கு என்ன வழி இருந்தது என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. ஊரே உன் தகப்பனை மாற்றிவிட்டால் நீ யாரிடம் போய்க் கேட்பாய்?

ஒன்றைச் செய்யத் தொடங்கினால் முடிக்காமல் விடமாட்டேன். சார் ஏன் எனக்கு நிலம் எழுதினார் என்று கண்டுபிடிப்பது என்று புறப்பட்டேன். பெரிய வீட்டுச் சமையல்காரரைக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. அமெரிக்க மகளைக் கேட்கலாம் என்றால் போனில் கேட்கிற கேள்வியா அது? உயிலை எழுதியவரைப் பிடிப்போம் என்று வலங்கைமானில் பத்திரம் எழுதுகிற கடைக்குப் போனேன். எழுதியவர் பழைய ஆளாக இருப்பார் என்று நினைத்தேன். பழைய ஆள் இறந்துவிட்டாராம். அவர் மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார், முப்பது வயதுக்குள் இருக்கும்.

"அபிமான புத்திரன்னு யாரு போடச் சொன்னா?" என்றேன்.

"ஐயாதாங்க. 'அவன்மேல எனக்கு ஒரு அபிமானம், அதை எழுது'ன்னு சொன்னாரு. அப்பா காலத்து ஃபைல் ஒண்ணு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, அதுல 'அபிமான புத்திரன்'னு அழகா ஒரு வாசகம் இருந்துச்சு. அதையே எடுத்துப் போட்டேன்."

"அதுக்கு என்ன அர்த்தம்னு நெனச்சீங்க?"

"அபிமானம்னா பிடிச்சதுதானுங்களே? அபிமான நடிகர்னு சொல்றோம்ல, அந்த மாதிரி. அபிமான புள்ளை."

நான் அர்த்தத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டார். "சத்தியமா தெரியாதுங்க ஐயா. எனக்கு அந்த வார்த்தை நடிகருக்குத்தான் தெரியும்." அடிக்கலாம் போல இருந்தது. அடித்து என்ன ஆகப்போகிறது, என் மகன் வயது. நானும் அந்தச் சொல்லுக்கு அப்படித்தானே கும்பிடு போட்டேன்.

"சரி, படிச்சுக் காட்டினீங்களா இல்லையா? அவருக்கு அர்த்தம் தெரியுமே, அந்தக் காலத்து மனுஷர். சும்மாவா விட்டார்?"

"படிச்சுக் காட்டினேங்க. தலையாட்டினாரு, தானா படிச்சுப் பாக்காமலே கையெழுத்துப் போட்டாரு. அவருக்குத்தான் காது கேக்காதுல்ல."

"யாருக்கு?"

"ஐயாவுக்கு. நாலஞ்சு வருஷமாவே சுத்தமா கேக்காதே. கருவி வாங்கிக் கொடுத்தும் மாட்டிக்க மாட்டாராம். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. நாலஞ்சு வருஷம் அவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். களிமண் கதையை நான் அவருக்கு எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறேன். என் உதடு நிற்கும்போது அவர் "அப்புறம்?" என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். வீட்டில் யாரும் எதிரே உட்காராததால் ஆலைக்கு வந்திருக்கிறார். என் பேச்சில் ஒரு சொல்கூட அவருக்குள் போகவில்லை. நான் வளர்ந்த கதை தெரிந்த ஒரே சாட்சி என்று நான் நினைத்தவர் அந்தக் கதை தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். உயிலின் மர்மம் தீர்ந்தது. தீர்ந்ததும் எனக்கு அதைவிடப் பெரிய பாரமாகிவிட்டது.

எழுதிய இளைஞரைக் காரில் ஏற்றிப் பூதலூருக்குக் கூட்டிப்போனேன். அவர் அம்மா காலில் விழுந்து நடந்ததைச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டாள். தங்கையைப் பார்த்துச் சொன்னாள். "இந்தத் தம்பிக்கு மோர் கொடு. அவன்கிட்ட கேளு, எங்கிட்ட ஏன் கூட்டியாரான்னு. எனக்குத் தெரியாத சேதியா? ஊருக்குப் போய்ச் சொல்லச் சொல்லு."

'அவன்' நான்தான். நான் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஊருக்குச் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். டீக்கடைக்காரன் கண்ணைச் சிமிட்டி, "சரிண்ணே, அப்படியே வச்சுக்குவோம்," என்றான். தப்பாக எழுதிவிட்டார்கள் என்பதை யார் நம்புவார்கள்? மூக்கை வைத்து ஒரு கதை இருக்கும்போது கம்ப்யூட்டரை வைத்து ஒரு கதையை யார் வாங்குவார்கள்?

நிலமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். தம்பி மகனிடம் போய், விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"எதுக்குண்ணே? பெரியப்பா ஆசைப்பட்டுக் கொடுத்தது. உங்களுக்கு இல்லாத உரிமையா?"

"அண்ணேன்னு சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்றது?" என்று சிரித்தார். பிறகு சொன்னார். "சரி, உங்க இஷ்டம். ஆனா எங்க வக்கீல் சொல்லிட்டார், உயில்ல இருக்கிற வாசகம் அப்படியே திரும்ப வரணுமாம். இல்லைன்னா பட்டா மாத்துறப்போ சிக்கலாகும்னு."

அதாவது, நான் விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் 'அபிமான புத்திரனாகிய நான்' என்று எழுதி, அதன் கீழே என் கையால் கையெழுத்துப் போட வேண்டும். நான்காம் வகுப்பு வரை படித்துக் கற்றுக்கொண்ட கையெழுத்து. அதை நான் கற்றுக்கொள்ளட்டும் என்று என் அப்பா ஒரு நாளும் என்னை வயலுக்குக் கூப்பிடாமல் இருந்திருக்கிறார். எடுத்துக்கொண்டால் உரிமை இருக்கிறது, எடுக்கிறான் என்பார்கள். விட்டால் வெட்கப்பட்டு விடுகிறான் என்பார்கள். அந்த மூன்று மா இந்தச் சம்பாவுக்குத் தரிசாகக் கிடக்கிறது. சுற்றிலும் பயிர் நிற்கிறது, நடுவில் கோரை மண்டிக்கிடக்கிறது. நிலத்தைத் தரிசு போடுகிறவனைக் காறித் துப்பியவன் நான்.

போன மாதம் ஊர்ப் பள்ளியில் ஒரு விழா. இரண்டு வகுப்பறைக்குக் கூரை போட்டுக் கொடுத்தேன் என்று என்னை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பேச வந்தவர் வெளியூர்க்காரர், யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். "கொடுக்கிற குணம் பெரிய பண்ணை வழியாக வந்தது. அந்தக் கை இவரிடமும் இருக்கிறது," என்றார். கைதட்டினார்கள். மைக்கைப் பிடுங்கலாம் என்று எழுந்தேன். முன்வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவோடு நடவு நட்ட கிழவிகள் இரண்டு பேர். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மைக்கில் நான் என்ன சொல்வது? மறுத்தால் மறுபடியும் அம்மாவைத்தான் மேடையில் நிறுத்த வேண்டும். உட்கார்ந்துவிட்டேன். அறுபத்தேழு வயதில் முதல் தடவையாக, பேசக் கிடைத்த இடத்தில் பேசாமல் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பூதலூர் போகிறேன். அம்மா பேசுவதில்லை. தங்கையிடம், "சாப்பிட்டுப் போகச் சொல்லு," என்பாள். சாப்பிடுகிறேன். கிளம்பும்போது, "வீட்டுக்கு வாம்மா," என்பேன். "அந்த ஊரு வாய் மூடினப்புறம் வரேன்னு சொல்லு," என்று தங்கையிடம் சொல்வாள். இந்த வாரம் அதையும் சொல்லவில்லை. சோற்றை மட்டும் என் பக்கம் தள்ளி வைத்தாள். தானும் பாதிகூடச் சாப்பிடவில்லை.

எனவே வாயால் முடியாததை ஊருக்கு எழுத்தில் வைக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்துங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள். அந்த ஒரு ஏக்கரில் எனக்குப் பங்கு வேண்டாம். கோரையோடு போகட்டும். நான் கேட்கிற பங்கு வேறு. அந்த ஆலை என் முதுகால் வந்தது. அந்த முதுகைக் கொடுத்தவர்கள் தண்ணீர் பாய்ச்சிய ஒருவரும் நடவு நட்ட ஒருத்தியும். கூலிக்காரன் மகனுக்கு இவ்வளவு முடியாது என்று நினைக்கிற நீங்கள்தான் எனக்கு வேறு தகப்பனைத் தேடுகிறீர்கள். முடியும். முடித்துக் காட்டியிருக்கிறேன். அதை என் கணக்கில் எழுதுங்கள். பள்ளிக்கூட மேடையில் சொன்னவர் அதே மேடையில் ஏறி, இன்னார் மகன் இன்னார் தானே கட்டினான் என்று என் அப்பா பெயரோடு சொல்ல வேண்டும். டீக்கடையில் சிரித்தவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். நான் செத்த பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை. என் அம்மா இருக்கும்போதே சொல்லுங்கள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது.